அன்றன்றைய மன்னா

எழுத வேண்டும் என்னும் ஆவல் நம் மக்களிடையே குறைவாக இல்லை. பங்கின் பொன்விழா மலருக்கு ஒரு கவிதை, அன்பியக் கூட்டத்துக்கு ஒரு சிறு நாடகம், இதழுக்கு ஒரு சிறுகதை என்று தொடங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுள் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் நின்றுவிடுகின்றனர். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், "எழுத்து வரும்போது எழுதலாம் என்றிருக்கிறேன்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. பணிவு நிறைந்த விடைபோல் அது ஒலிக்கிறது. படைப்பு இறைவனின் கொடை. கொடையை நாம் கட்டாயப்படுத்த இயலுமா என்னும் இறையியல் நியாயம்கூட அதனுள் இருக்கிறது. ஆயினும் அந்தப் பணிவுக்குள் சோம்பல் ஒளிந்திருப்பதையும் நாம் அறிவோம்.

எழுதுகிறவன் அருளுக்காகக் காத்திருக்க வேண்டுமா, அல்லது நாள்தோறும் ஒரு வேளையைக் குறித்து, வந்தாலும் வராவிட்டாலும் தாளின்முன் அமர வேண்டுமா? அவ்வாறு அமர்வது அருளை நம்பாமையா, அல்லது அருளை வரவேற்கும் முறையா? இவ்வினாவோடு மற்றொன்றும் பின்னிக்கிடக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்லுவோம். அதுவே நம் மனத்தை நெடுநாளாய் உறுத்திவருவது.

விடுதலைப் பயண நூலில் வரும் மன்னாவை எண்ணிப் பார்ப்போம். பாலைநிலத்தில் இஸ்ரயேலர் அதை விதைக்கவுமில்லை, விளைவிக்கவுமில்லை. அது முழுக்க முழுக்க வானத்தின் கொடை. ஆனால் ஒவ்வொருவரும் விடியற்காலையில் எழுந்து, கூடாரத்தை விட்டு வெளியே போய், குனிந்து பொறுக்க வேண்டியிருந்தது. வெயில் ஏறினால் அது உருகிப்போயிற்று. நாளைக்கும் ஆகட்டும் என்று சேர்த்துவைத்தால் புழு வைத்து நாறிற்று. கொடுப்பது இறைவன் செயல். குனிவது மனிதன் செயல். இரண்டில் எது குறைந்தாலும் பசி ஆறுவதில்லை. எழுத்தும் இத்தகையதே என்பது நம் எண்ணம். நேற்று எழுதியதன் பெருமையை வைத்துக்கொண்டு இன்று வாழ முடியாது. நாளை எழுதுவோம் என்னும் உறுதிமொழியும் இன்றைய பசிக்கு உணவாகாது.

திருச்சபை இவ்வுண்மையை நெடுங்காலமாய் அறிந்திருக்கிறது. மூவேளைச் செபத்துக்கு மணி ஒலிக்கும்போது நமக்குப் பக்தி பொங்குகிறதா என்று அது கேட்பதில்லை. திருப்புகழ்மாலை செபிக்கும் குருவும் துறவியும், மனம் நெகிழ்ந்த நாளிலும் வறண்ட நாளிலும் அதே வேளையில் அதே திருப்பாடல்களைக் கையிலெடுக்கின்றனர். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில், உடலுழைப்புக்கும் வாசிப்புக்கும் நாளின் பொழுதுகளைப் பகுத்துக் கொடுத்தார். புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சியில், நாள்தோறும் தன்னைச் சோதித்துத் தவறுகளைக் கோடுகளின்மேல் புள்ளிகளாய்க் குறித்துவைக்கச் சொன்னார். 1544–45 ஆண்டுகளில் தாமே ஓர் ஆன்மிக நாட்குறிப்பையும் எழுதினார். உணர்ச்சி வந்தபின் செயல் என்று அவர்கள் இருக்கவில்லை. செயலில் நிலைத்தனர், உணர்ச்சி வந்தபோது அவர்கள் விழித்திருந்தனர்.

நம் நாட்டிலேயே இதற்கொரு சான்று உண்டு. நாம் குடியிருக்கும் வல்லம், தஞ்சைக்கு அருகிலுள்ள வல்லமன்று; செஞ்சிக்கு அருகிலுள்ளது. செஞ்சிக் கோட்டை எத்தனை கைகள் மாறியது என்பதைச் சரித்திரம் படித்தவர் அறிவர். 1677-இல் சிவாஜியின் கைக்கு வந்தது. நெடிய முற்றுகைக்குப் பின் 1698-இல் முகலாயருக்குப் போயிற்று. 1750-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1761-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். 2025-இல் மராத்தியர் கோட்டைகளுள் ஒன்றாக உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. அக்கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த நாள்களில், புதுச்சேரியில் ஒருவர் அன்றன்று நடந்ததை அன்றன்று எழுதிவந்தார். அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷாக இருந்தவர், வணிகர்.

1736-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் அவர் இறக்கும் காலம்வரை, ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள் அந்நாட்குறிப்பு நீள்கிறது. கேட்டதையும் கண்டதையும், கப்பல்களின் வரவையும் போக்கையும் எழுதிவைப்பதே தம் நோக்கம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். தமிழ் ஆண்டு, மாதம், நாள், கிழமை என்று போட்டுவிட்டு நேரே செய்திக்குள் நுழைகிறார். எத்தனை பீரங்கி முழங்கியது, ஆளுநர் யாரிடம் என்ன சொன்னார், ஊரில் என்ன வதந்தி உலவுகிறது என்பவையெல்லாம் அன்றாடப் பேச்சுத் தமிழிலேயே பதிவாகின்றன. இலக்கியம் படைக்கிறோம் என்னும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அச்சில் வரும் என்ற நம்பிக்கையும் இருந்திருக்க முடியாது. அவர் இறந்து ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே, 1846-இல், அக்கையெழுத்துப் படிகள் வெளியுலகின் கண்ணில் பட்டன. இன்றோ பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை என்று பேச வருகிறவர் எவரும் அவரைத் தாண்டிப் போக இயலாது.

இதில் நாம் கற்பது என்ன? நாள்தோறும் எழுதியதால் அவருக்குக் கற்பனை ஊறியது என்று நாம் சொல்ல வரவில்லை. நாள்தோறும் எழுதியதால் அவருடைய கண் பழகியது. மாலையில் எழுதப் போகிறோம் என்று அறிந்தவன் காலையில் வேறுவிதமாகப் பார்க்கிறான். படைப்பின் ஊற்று பெரும்பாலும் இந்தப் பார்வையில்தான் இருக்கிறது.

மற்றொரு பாடமும் உண்டு. அது கத்தோலிக்கராகிய நமக்குக் கசப்பானது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், இயேசு சபையாரின் ஆலயத்துக்கு அருகே இருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அதைப் பிள்ளை எழுதிவைத்தார். ஆளுநரின் பங்கையும், அவர் மனைவியின் பங்கையும், குருக்களின் பங்கையும் மறைக்கவில்லை. மக்கள் பட்ட வேதனையையும் மறைக்கவில்லை. தாம் அண்டிப் பிழைத்த அதிகாரத்தைப் பற்றியே அவர் அவ்வாறு எழுதினார். நினைத்தபோது எழுதுகிறவராய் இருந்திருந்தால் அன்று எழுதாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அன்றாட வழக்கம் அவரை விடவில்லை. ஒழுங்காக எழுதுகிறவன், எழுத விரும்பாத நாளையும் எழுத வேண்டியவனாகிறான். இன்று நாம் அப்பக்கத்தைப் படித்துத் தலைகுனிய முடிகிறது என்றால், அந்த மனிதரின் அன்றாடக் கடமையுணர்வே அதற்குக் காரணம். மனச்சோதனைக்கு உதவும் எழுத்தை விடப் பெரிய திருத்தொண்டை எந்த எழுத்து செய்துவிடும்?

நம் சபையின் பொதுநிலையினரிடமும் உழைப்பின் இலக்கணம் இருந்திருக்கிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1857-இல் முன்சீப் பதவி ஏற்றவர். வழக்குகளும் தீர்ப்புகளும் குவிந்த அந்தப் பதவியில் இருந்துகொண்டே 1859-இல் 'நீதிநூல்' வெளியிட்டார். ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 1862-இல் நூலாக்கினார். தமிழின் முதல் நாவலாகப் போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. ஓய்வு கிடைத்தால் எழுதுவேன் என்று சொல்லுகிற நாம் அவர் படத்தின்முன் நிற்கக் கூசவே வேண்டும்.

அப்படியானால் இந்த ஒழுங்கை அமைத்துக்கொள்வது எப்படி? நாம் கற்றுக்கொண்டவற்றை ஆசிரியத் தொனியின்றிச் சொல்லுவோம். முதலாவது, வேளை ஒன்றாயிருக்க வேண்டும். விடியலாயினும் இரவாயினும் அது நம் வசமிருக்கும் வேளையாய் இருந்தால் போதும். இரண்டாவது, அளவு சிறிதாயிருக்க வேண்டும். ஒரு பக்கம் போதும். மன்னாவுக்கும் தலைக்கு ஒரு படி என்று அளவு இருந்தது. மூன்றாவது, தொடக்கத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும். சிலுவை அடையாளம் வரைந்து, அன்றைய திருப்பாடல் ஒன்றை வாசித்து, பேனாவைத் திறப்பது நம் வழக்கம். பலநாள் செய்தபின் அச்செயலே மனத்துக்கு மணியோசை ஆகிவிடுகிறது. நான்காவது, எல்லாவற்றையும் அன்றே கொட்டித் தீர்க்காமல், நாளைக்குத் தொடங்க ஒரு வாக்கியத்தை மனத்தில் விட்டுவைப்பது நல்லது. ஐந்தாவது, ஏழாம் நாள் ஓய்வு. ஓய்வுநாளில் மன்னா விழவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

இதற்கெல்லாம் நமக்கு ஆசான்கள் வீதியிலேயே இருக்கின்றனர். விடியுமுன் எழுந்து, வாசல் பெருக்கி, சாணம் தெளித்துக் கோலமிடும் தாய்மாரை வல்லத்தின் எந்தத் தெருவிலும் காணலாம். முதலில் புள்ளிகள், வரிசை தப்பாமல், எண்ணிக்கை பிசகாமல். பிறகுதான் இழை. புள்ளிக்கு அவர்கள் அடங்குகிறார்கள். அதனாலேயே இழை அவர்கள் விருப்பப்படி வளைகிறது. உச்சிப்பொழுதுக்குள் மாட்டுவண்டியும் மிதிவண்டியும் அதை அழித்துவிடும். மறுநாள் வேறொரு கோலம். பெயர் போடுவதில்லை, பாராட்டை எதிர்பார்ப்பதில்லை. கிறிஸ்துமஸ் காலத்தில் அதே கைகள் நம் வீட்டு வாசலில் விண்மீனை வரைகின்றன. அருள் வந்தால் கோலமிடுவேன் என்று எந்தத் தாயும் சொல்லி நாம் கேட்டதில்லை.

இங்கே தொடக்கத்தில் ஒத்திவைத்த இரண்டாம் வினாவுக்கு வருகிறோம்.

அந்தோணி டிராலப் என்னும் ஆங்கில நாவலாசிரியர் அஞ்சல் துறையில் பணியாற்றியவர். நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று கணக்கிட்டு எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1883-இல், அவருடைய தன்வரலாறு வெளிவந்து இச்செய்தி தெரியவந்தபோது, வாசகர் பலர் முகம் சுளித்தனர். கலைஞனிடம் அவர்கள் எதிர்பார்த்தது கடிகாரத்தை அன்று. ஆனால் அந்நூலில் நம் நெஞ்சைத் தொட்டது வேறொரு செய்தி. விடியலில் அவரை எழுப்பிக் காப்பி கொண்டுவந்து கொடுக்க ஒரு முதிய பணியாளர் இருந்தார். அவருக்கு அதற்காக ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்துவந்தார். தம் வெற்றிக்கு மற்ற எவரையும்விட அம்மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று டிராலப் மனந்திறந்து எழுதுகிறார்.

நாம் எழுதும் ஒரு மணி நேரத்தை நமக்கு யார் வாங்கித் தருகிறார்கள்? அடுப்பு மூட்டுவது யார்? குழந்தைகளைச் சத்தம் போடாதே என்று அடக்குவது யார்? நமக்கு முன் எழுந்தவருக்கு எழுதும் ஆசை இருந்ததா என்று நாம் என்றேனும் கேட்டதுண்டா? அன்றாட ஒழுங்கு ஒரு நோன்பு என்கிறோம். நோன்பு தன்னைக் குறைப்பதற்கு, பிறரைக் குறைப்பதற்கன்று. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றின் பாறையில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தி பழைய எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அவர் நெறி வேறு, நம் நெறி வேறு. ஆயினும் அந்த ஐம்பத்தேழு நாளின் விலையை அவர் தம் உடலால் செலுத்தினார், பிறரைச் செலுத்தவைக்கவில்லை. நம் ஒழுங்கின் விலையைச் செலுத்துவது யார் என்னும் வினா அங்கே போகும்போதெல்லாம் நமக்குள் எழுகிறது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஒரு திங்கட்கிழமை. விடியல் ஐந்தரை மணி. திருப்பாடல் வாசித்து முடித்துப் பேனாவைத் திறந்திருந்தோம். கதவு தட்டப்பட்டது. தெருக்கோடியில் இருக்கும் ஒரு தாய், கணவரை இழந்தவர், கூலி வேலைக்குப் போகிறவர். "சார், ஒரு மனு எழுதணும்" என்றார். விதவை ஓய்வூதியத்துக்கு. விழுப்புரத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் அன்று மக்கள் குறைகேட்கும் நாள். "கொஞ்சம் உட்காருங்கம்மா, இதோ முடிச்சிட்டு வரேன்" என்றோம். அவர் திண்ணையில் அமர்ந்தார். நாம் எழுத அமர்ந்தோம். அன்று எழுத்து ஓடியது. இதோ என்பது அரை மணியாயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. வெளியே வந்தபோது திண்ணை காலியாக இருந்தது. செஞ்சிக்குப் போகும் முதல் பேருந்து போய்விடும் என்று அவர் புறப்பட்டுவிட்டார். விழுப்புரத்தில் அலுவலக வாயிலில் காசுக்கு எழுதுகிறவரிடம், அன்றைய கூலியும் இழந்த நிலையில், பணம் கொடுத்து மனு எழுதி வாங்கினார் என்று பின்னர் அறிந்தோம். அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. "நீங்க வேலையா இருந்தீங்க சார்" என்றார். அச்சொல் இன்றும் சுடுகிறது.

அன்று எழுதிய பக்கம் மோசமாக வந்திருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும். அது நன்றாகவே வந்திருந்தது. அன்பைப் பற்றிய பக்கம். இதனால்தான் இவ்வினா நமக்கு எளிதில் தீரவில்லை. ஒழுங்கு பலன் தருகிறது என்பதை மறுக்க இயலாது. பலன் தருவதெல்லாம் நேரியதாகிவிடுமா என்பதே கேள்வி. எழுதும் வேளை புனிதமானது என்று நாம் நம்பத் தொடங்கிய நாளிலேயே, அதைச் சிலையாக்கி வணங்கும் ஆபத்தும் தொடங்கிவிட்டது.

பழைய எகிப்தியத் துறவியரைப் பற்றி யோவான் காசியான் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய குறிப்பொன்று நமக்கு வழிகாட்டிற்று. அத்துறவியர் தத்தம் அறையில் ஏதேனும் ஒரு வேலையில் இருப்பார்கள். சிலர் நூல்களைப் படியெடுப்பார்கள். செபத்துக்கோ பணிக்கோ அழைத்துக் கதவு தட்டப்பட்டால், எழுதிக்கொண்டிருப்பவர் தொடங்கிய எழுத்தின் சுழியைக்கூட முடிக்காமல், அந்த நொடியே எழுந்துவிடுவாராம். ஓர் எழுத்தை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணிமைக்கும் நேரம். அந்தக் கண்ணிமைப்பைக்கூட அவர்கள் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஒழுங்கற்றவர்கள் அல்லர். ஒழுங்கின் உச்சியில் நின்றவர்கள். ஒழுங்கு எதற்காக என்பதை மறவாதிருந்தனர்.

புனித வின்சென்ட் தே பவுலும் தம் சகோதரிகளுக்கு இதையே கற்பித்தார். செப நேரத்தில் ஏழை அழைத்தால் செபத்தை விட்டுப் போங்கள். அது இறைவனை விட்டு இறைவனிடமே செல்வதாகும் என்பது அவர் போதனையின் சாரம். செபத்துக்கே இது பொருந்துமானால், நம் கட்டுரைக்கும் கவிதைக்கும் பொருந்தாதா?

ஆனால் ஒன்று. கதவு தட்டப்படலாம் என்று எழுத அமராமலே இருப்பது இதற்கு விடையாகாது. அறையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த துறவிதான் எழுத்தைப் பாதியில் விட முடிந்தது. தொடங்காதவனிடம் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பிறர் தேவையைச் சாக்கிட்டு எழுதாமலிருப்பதும், எழுத்தைச் சாக்கிட்டுப் பிறரைத் திண்ணையில் காக்கவைப்பதும் ஒரே தன்னலத்தின் இரு முகங்கள். நாள்தோறும் அமர வேண்டும். நாள்தோறும் எழத் தயாராயிருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததே நாம் தேடும் ஒழுங்கு.

இப்போதும் விடியலில் எழுதுகிறோம். சில மாற்றங்கள் செய்துகொண்டோம். காப்பியை நாமே போட்டுக்கொள்கிறோம். வீட்டாருக்கும் சேர்த்துப் போடுகிறோம். தெருக்கதவைத் தாழிடுவதில்லை. திங்கட்கிழமைகளில் பேனாவோடு வெள்ளைத் தாள்கள் சிலவும் மேசையில் இருக்கும். மனு எழுத யாரேனும் வந்தால் அன்றைய பக்கம் அதுவே. பெறுநர், அனுப்புநர், பொருள் என்று எழுதி, அவர்கள் சொல்வதைக் கேட்டு, மிகையின்றிக் குறையின்றி எழுத முயல்கிறோம். ஒருவர் வாழ்நாள் துயரத்தைப் பத்து வரிக்குள், அதிகாரி ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும்படி எழுதுவது எவ்வளவு கடினமான கலை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். ஆனந்தரங்கரின் வரிகளில் ஏன் வீண்சொல் குறைவு என்பதும் ஓரளவு விளங்கிற்று.

அந்தத் தாய் மறு மாதம் மீண்டும் வந்தார். முந்திய மனுவின் நிலை கேட்டு இன்னொரு மனு எழுத வேண்டியிருந்தது. அப்போது நாம் எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. அது இன்றும் அந்தக் குறிப்பேட்டில் பாதியிலேயே நிற்கிறது. அதை எப்படி முடிக்க நினைத்தோம் என்பது நினைவில் இல்லை. முடிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.